சேர்ந்து கோடிங் படிக்கத் துணை அமையவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தானாகவே புரோகிராமிங் கற்றுக்கொள்பவர்களுக்கு இன்று பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. துணைக்குத்தான் பஞ்சம். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை. படிப்புக் குழுக்களை நடத்துவது, பாதியில் நின்றுபோனவற்றை மறுபடி ஓடவைப்பது என்று இந்த வேலையில் இருந்துகொண்டே இருக்கிறேன். திரும்பத் திரும்ப வருவது அதே சில கோளாறுகள்தான். அவற்றில் பெரும்பாலானவை ஆளைத் தேர்ந்தெடுத்ததில் வருவதில்லை, ஆளைக் கூப்பிட்ட விதத்தில் வருகின்றன. என்ன வேலை, எந்த நேரம், எதுவரை என்ற மூன்றும் முதல் நாளே பேசப்படாமல் விட்டால் எவ்வளவு நல்ல மனிதர்கள் சேர்ந்தாலும் குழு படுத்துவிடும்.

உங்களுடைய அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் பிடிக்காத காரணம் முதலில் இருக்கும், செலவு பிடிப்பது கடைசியில். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அறிகுறி 1: "சேர்ந்து படிக்கலாமா" என்று கேட்டேன், யாரும் பதிலே சொல்லவில்லை

காரணம் அ: அழைப்பில் பிடிமானம் இல்லை

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். வழக்கமாகக் கண்ணில் படும் அழைப்பு இப்படி இருக்கும்:

"ஹாய், பைத்தான் கத்துக்கிட்டு இருக்கேன். பிகினர்தான். யாராவது சேர்ந்து படிக்க வர்றீங்களா?"

இதைப் படிப்பவருக்கு வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒரு துப்பும் இல்லை. நேற்றுதான் வேரியபிள் என்றால் என்ன என்று படித்தவரும் பிகினர்தான், ஆறு மாதமாக ஃபங்ஷன் எழுதிக்கொண்டிருப்பவரும் தன்னைப் பிகினர் என்றுதான் சொல்லிக்கொள்வார். வந்தால் என்ன செய்யப்போகிறோம், வாரத்தில் எவ்வளவு நேரம் போகும், பிடிக்காவிட்டால் எப்படி விலகுவது என்று எதுவுமே தெரியாது. அதனால் நல்ல ஆட்கள்கூடக் கடந்து போய்விடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"பைத்தானில் லூப், லிஸ்ட், ஃபங்ஷன் வரை முடித்திருக்கிறேன். டிக்‌ஷனரியில் தடுமாறுகிறேன். அடுத்த இரண்டு வாரத்தில் டெர்மினலில் ஓடும் ஒரு செலவுக் கணக்கு நிரல் எழுதப்போகிறேன். செவ்வாய், வெள்ளி இரவு 8 முதல் 9 வரை, குரல் அழைப்பும் ஸ்கிரீன் ஷேரும். ஒருவர் போதும். இரண்டு வாரம் முடிந்ததும் தொடரலாமா என்று இருவருமே யோசித்துச் சொல்வோம். விருப்பம் இருந்தால் கடைசியாக நீங்கள் எழுதிய ஒரு சின்ன நிரலை அனுப்புங்கள், நானும் என்னுடையதை அனுப்புகிறேன்."

எங்கே நிற்கிறேன், எங்கே தடுமாறுகிறேன், என்ன செய்யப்போகிறேன், எப்போது, எதுவரை என்று எல்லாம் இதில் வந்துவிட்டது. தடுமாற்றத்தை வெளிப்படையாகச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். அதே இடத்தில் தடுமாறுகிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பதில் போடுவார்.

சோதனை: அழைப்பைக் கோடிங்கே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, சேர்ந்து என்ன செய்வார்கள், எப்போது முடியும் என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் திருத்தி எழுதுங்கள்.

காரணம் ஆ: கேட்ட இடம் பொருந்தவில்லை

ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பொதுக் குழுவில் போட்டால் உங்கள் அழைப்பு அரை மணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும். கூட்டம் பெரிதாக இருக்கும் இடத்தை விட, எல்லோரும் அதே நேரத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். நீங்கள் படிக்கும் அதே பாடத்தைப் படிப்பவர்கள் பேசிக்கொள்ளும் பகுதி ஒன்று. அந்த மொழியைப் பயன்படுத்துவோர் மாதாமாதம் கூடும் சந்திப்பு இன்னொன்று. டிசம்பர் என்றால் 'அட்வென்ட் ஆஃப் கோட்' என்ற இணையப் புதிர்த் தொடர் நல்ல வாய்ப்பு. 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரும் 1ஆம் தேதி தொடங்கி நாளுக்கொரு புதிர் தருகிறார்கள். முதலில் 25 நாள் நடந்தது, 2025 முதல் 12 நாள். நண்பர்களுக்குள் மட்டும் தெரியும் தனிப் பட்டியலை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே புதிர் என்பதால் பேச்சைத் தொடங்க வேறு காரணமே தேடவேண்டாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பலிக்கும் வழி ஒன்று உண்டு. நீங்கள் போன வாரம் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் இன்று ஒருவர் மாட்டிக்கொண்டு கேள்வி கேட்டிருப்பார். அவருக்கு உதவுங்கள். பதில் வேலை செய்ததா என்று மறுநாள் விசாரியுங்கள். அதன் பிறகு, "அடுத்த பயிற்சியைச் சேர்ந்து போடலாமா?" என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் அழைப்பை விட இதற்கு மரியாதை அதிகம்.

காரணம் இ: காட்ட எதுவும் இல்லை

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் கணக்கு காலியாக இருந்தால் நீங்கள் உண்மையிலேயே உட்கார்ந்து எழுதுகிறவரா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. பெரிய புராஜெக்ட் வேண்டாம். சின்ன நிரல் இரண்டு மூன்று, ஒவ்வொன்றிலும் இது என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது என்று இரண்டு வரி, அவ்வளவு போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். நீங்கள் படிப்பது மதிப்பெண் தரும் பாடமாக இருந்தால் விடைகளைப் பொதுவில் போட அதன் விதிகள் அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பல பாடங்களில் அனுமதி கிடையாது. சொந்தமாக யோசித்த சின்ன நிரல் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

காரணம் ஈ: நேரம் ஒத்துவரவில்லை

துணை வேறு நாட்டில் இருந்தால் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதி, அவரவர் ஊர் நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள். சில நாடுகளில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். அந்த வாரத்தில் ஒருவர் வந்து காத்திருக்க மற்றவர் வராமல் போவது மனக்கசப்பில் முடியும். காலண்டர் அழைப்பு அனுப்பிவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

எப்போது வெளியே போகவேண்டும்: அழைப்பைத் திருத்தி, பொருத்தமான இடங்களில் மூன்று நான்கு வாரம் கேட்டும் ஆள் அமையவில்லை என்றால், எல்லோரும் ஒரே தேதியில் தொடங்கும் தொகுதி வகுப்பைப் பாருங்கள். பணம் கட்டும் முன், நேரடிக் குழு அமர்வு வாரத்தில் எத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுசெய்த வீடியோவும் அரட்டைக் குழுவும் மட்டும்தான் என்றால் நீங்கள் தேடுவது அங்கே இல்லை.

அறிகுறி 2: நிறையப் பேர் வந்தார்கள், ஒரே வாரத்தில் குழு மௌனமாகிவிட்டது

இதைப் பார்த்து மனம் உடைந்துபோகிறவர்கள் அதிகம். "நானும்", "நானும்" என்று முப்பது பேர் சேர்வார்கள். அறிமுகம், வணக்கம், ஆளுக்கொரு இணைப்பு என்று இரண்டு நாள் கலகலப்பாக இருக்கும். அதோடு சரி.

காரணம் அ: ஆள் கூடிவிட்டது

முப்பது பேர் இருந்தால் இன்று நான் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். மூன்று பேர் இருந்தால் அப்படி நினைக்க முடியாது. பெரிய குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. அதற்குள்ளேயே இரண்டிரண்டு, மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு கிழமையும் நேரமும் கொடுத்துவிடுங்கள். பெரிய குழு அறிவிப்புக்கும் ஆள் மாற்றத்துக்கும் மட்டும் இருக்கட்டும்.

காரணம் ஆ: உள்ளே வர ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை

ஒரு பொத்தானைத் தொட்டுச் சேர்ந்தவர் அதே வேகத்தில் மறந்தும் போவார். சின்ன நுழைவு வேலை ஒன்று வையுங்கள். நான் வைப்பது ஃபிஸ்பஸ். 1 முதல் 100 வரை அச்சிடவேண்டும், 3ஆல் வகுபடும் எண்ணுக்கு ஃபிஸ், 5ஆல் வகுபட்டால் பஸ், 3, 5 ஆகிய இரண்டு எண்களாலும் வகுபட்டால் ஃபிஸ்பஸ். வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்கி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சரியாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முயன்று அனுப்பியவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கே நின்றுவிட்டார் என்று அவரே சொன்னால் இன்னும் நல்லது. முப்பதில் ஐந்து பேர் அனுப்பினால், உங்கள் குழு அந்த ஐந்து பேர்தான்.

காரணம் இ: முடிவு தேதி இல்லை

எப்போது முடியும் என்று தெரியாத எதிலும் மனிதர்கள் நழுவித்தான் போவார்கள். "பைத்தான் படிக்கிறோம்" என்பதற்கு முடிவே கிடையாது. "இந்த நான்கு பயிற்சிகளை 28ஆம் தேதிக்குள் முடிக்கிறோம்" என்பதற்கு உண்டு. தேதி வந்ததும் குழுவை முறையாக முடித்துவிட்டு, தொடர விரும்புகிறவர்களோடு புதிதாக ஆரம்பியுங்கள். விலகுகிறவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் போகும்.

காரணம் ஈ: நடத்துகிறவர் ஒருவர்தான்

நேரம் குறிப்பது, நினைவூட்டுவது, கேள்வி தேடுவது எல்லாம் உங்கள் தலையில் இருந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் வாரத்தில் குழு நின்றுவிடும். வாரத்துக்கு ஒருவர் என்று பொறுப்பைச் சுற்றிவிடுங்கள். பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, முதல் நாள் ஞாபகப்படுத்தி, சரியான நேரத்துக்கு அழைப்பைத் திறந்துவைப்பதுதான்.

அறிகுறி 3: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, துணை திடீரென்று காணாமல் போய்விட்டார்

ஒரு தடவை வராவிட்டால் ஒன்றும் நினைக்காதீர்கள். இரண்டாவது தடவையும் வராவிட்டால் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். "ஏன் வரலை?" என்று கேட்டால் பதில் வருவது கஷ்டம். "வேலை அதிகமா இருந்தா பரவாயில்லைங்க, இந்த மாசம் நிறுத்தி வைக்கலாம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் இருப்பேன், முடிஞ்சா வாங்க" என்று விலக வழியும் திரும்பிவர வழியும் சேர்த்தே கொடுங்கள்.

பல நேரம் உண்மைக் காரணம் வேலைப்பளு கிடையாது. பாடத்தில் பின்தங்கிவிட்டார், அதைச் சொல்லக் கூச்சம். அப்படித் தோன்றினால், அடுத்த அமர்வில் புதிதாக எதுவும் வேண்டாம், பழைய பயிற்சி ஒன்றையே மறுபடி போடுவோம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது செய்தி வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதுங்கள், இன்னொரு துணையைத் தேடுங்கள்.

அறிகுறி 4: ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே

"ஒரே லெவல்ல ஆள் வேணும்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது அவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே பாடமும் ஒரே வேகமும் இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது நல்லதுதான். விளக்கிச் சொல்கிறவருக்குத் தன் ஓட்டைகள் தெரியவரும், கேட்கிறவருக்கு விடை கிடைக்கும். இடைவெளி எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

சோதனை: இருவரும் தனித்தனியாக, எதையும் பார்க்காமல், 15 நிமிடத்தில் ஒரே சின்ன நிரலை எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருவரும் முடித்துவிட்டீர்கள், ஒருவர் வேகம் என்றால்

இது இடைவெளியே இல்லை, டைப் அடிக்கும் பழக்கம்தான். அப்படியே தொடருங்கள்.

ஒருவர் முடித்தார், மற்றவர் பாதியில் நின்றார் என்றால்

இங்கேதான் பெரும்பாலான ஜோடிகள் முறிகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தெரிந்தவர் கீபோர்டைப் பிடித்துக்கொள்வார், தெரியாதவர் "ம்", "சரி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மணி நேரம் கழித்து நிரல் ஓடும், ஒருவருக்கு மட்டும். ஜோடியாக நிரல் எழுதும் முறை 1990களின் கடைசியில் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்கும் முறை வழியாகப் பரவியது. கீபோர்டில் இருப்பவர் ஓட்டுநர், பக்கத்தில் இருப்பவர் வழிகாட்டி, அடிக்கடி இடம் மாறவேண்டும் என்பது அதன் பொது வழக்கம். லூவெலின் ஃபால்கோ என்பவர் பரப்பிய ஒரு கண்டிப்பான வடிவம் படிப்புத் துணைகளுக்கு இன்னும் பொருந்தும். உன் தலையில் இருக்கும் யோசனை கணினிக்குள் போகவேண்டும் என்றால் அது இன்னொருவர் கை வழியாகத்தான் போகவேண்டும் என்பதுதான் அது. அதாவது, தெரிந்தவர் கீபோர்டைத் தொடவே கூடாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். 1 முதல் 10 வரை கூட்டும் நிரல். விடை 55 வரவேண்டும், 45 வருகிறது. தெரிந்தவருக்குக் காரணம் உடனே தெரியும். பைத்தானில் ரேஞ்ச்சுக்கு 1, 10 என்று கொடுத்தால் அது 9லேயே நின்றுவிடும். கை துறுதுறுக்கும், ஆனால் அவர் செய்யவேண்டியது இவ்வளவுதான்:

"எவ்வளவு குறையுதுங்க?"

"பத்து."

"அப்போ எந்த எண் கூட்டல்ல சேரலை?"

"பத்தேதான் சேரலை போல."

"சரி, லூப்புக்குள்ள ஒவ்வொரு எண்ணையும் அச்சிட்டுப் பாருங்க."

ஒன்று முதல் ஒன்பது வரை திரையில் வரும். அதைப் பார்த்த கை தானாகவே 10ஐ 11 ஆக்கிவிடும். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் சந்தேகம் வந்தால் லூப்புக்குள் அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இனி அவருடையது.

கடிகாரம் வைத்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். "இதை முடிச்சிட்டு மாறலாம்" என்று ஆரம்பித்தால் அன்று மாறவே மாட்டீர்கள்.

ஒருவருக்குத் தொடங்கவே தெரியவில்லை என்றால்

இப்போது உங்களுக்கிடையே இருப்பது ஆசிரியர், மாணவர் உறவு. அதில் தவறில்லை, ஆனால் இருவரும் அதை வெளிப்படையாகப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள், உங்கள் படிப்புக்கு வேறொரு துணையையும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டே போனால் நீங்கள் சலித்துப்போவீர்கள், காரணம் தெரியாமல் அவர் நொந்துபோவார்.

பாடமே வேறு வேறு என்றால்

ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட், ஒருவர் பைத்தான் என்றால் ஒரே புதிரை இருவரும் அவரவர் மொழியில் போட்டு ஒப்பிடலாம், நன்றாகவே போகும். இலக்கு வேறாக இருந்தால், அதாவது ஒருவருக்கு இணையதளம் செய்யவேண்டும், இன்னொருவருக்குத் தரவு அலசல் வேண்டும் என்றால், அடிப்படை முடிகிற வரைக்கும்தான் சேர்ந்து போகமுடியும். அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: சந்திக்கிறோம், பேசுகிறோம், நிரல் மட்டும் எழுதப்படுவதில்லை

எந்த மொழிக்கு வேலை அதிகம், எந்த எடிட்டர் நல்லது, இந்தப் பாடம் நல்லதா அந்தப் பாடம் நல்லதா என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். படித்த மாதிரியும் இருக்கும்.

எளிய மருந்து: அழைப்பு தொடங்கியதும் இன்று எது ஓடவேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். "ஃபங்ஷன் படிப்பது" என்று எழுதாதீர்கள், "கோப்பிலிருந்து வரிகளைப் படித்து எண்ணும் ஃபங்ஷன் ஓடவேண்டும்" என்று எழுதுங்கள். முதல் 5 நிமிடம் நலம் விசாரிப்பு, அடுத்த 45 நிமிடம் வேலை, கடைசி 10 நிமிடம் அரட்டை. மொழி, எடிட்டர் விவாதம் எல்லாம் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

அடுத்த காரணம், வீடியோவைச் சேர்ந்து பார்ப்பது. அதற்குத் துணையே தேவையில்லை. பாடத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு வாருங்கள், சேர்ந்து இருக்கும் நேரம் பயிற்சிக்கு மட்டும். ஒருவர் பார்க்காமல் வந்துவிட்டால் அன்றைய அமர்வை ஒத்திப்போடாமல் பழைய பயிற்சி ஒன்றைப் போடுங்கள். ஒத்திப்போட ஆரம்பித்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

இருவருமே பேசப் பிடிக்காதவர்கள் என்றால் மௌன அமர்வு வையுங்கள். மைக்கை அணைத்துவிட்டு அவரவர் எழுதுவது, அரை மணிக்கு ஒருமுறை என்ன முடித்தோம் என்று ஒரு வரி சொல்வது. இது சிலருக்கு ஜோடியாக எழுதுவதை விடவும் நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி 6: குரல் கேட்கிறது, திரையில் எழுத்தே தெரியவில்லை

எழுத்தளவை 18க்கு மேல் வையுங்கள். முழுத்திரையைப் பகிராமல் எடிட்டர் ஜன்னலை மட்டும் பகிருங்கள். இணைப்பு மெதுவாக இருந்தால் கருப்புப் பின்னணியில் எழுத்து கலங்கலாம், வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் திரையைப் பகிர்வதையே விட்டுவிட்டு விஎஸ் கோட் எடிட்டரில் ஒரே கோப்பை இருவரும் சேர்ந்து திருத்த உதவும் லைவ் ஷேர் போன்ற ஒன்றுக்கு மாறுங்கள். அது வீடியோவை அனுப்பாமல் திருத்தங்களை மட்டும் அனுப்புவதால் மெதுவான இணைப்பிலும் ஓடும். இருவரும் தங்களுக்கு வசதியான எழுத்தளவில் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி 7: தனியாக எழுதினால் வருகிறது, துணை பார்த்தால் கை ஓடவில்லை

யார் பார்த்தாலும் அப்படித்தான் என்றால்

பழக்கம் இல்லாததுதான் காரணம். முதல் இரண்டு அமர்வுகளில் ஏற்கெனவே எழுதி முடித்த நிரலை அவருக்கு வரி வரியாக விளக்குங்கள், புதிதாக எதுவும் எழுதவேண்டாம். அடுத்த அமர்வில் ஒரே ஒரு ஃபங்ஷனை அவர் முன்னால் மாற்றி எழுதுங்கள். மற்றவர் அந்த நேரத்தில் எழுத்துப்பிழையைக்கூடச் சுட்டிக்காட்டாமல் அரை நிமிடம் பொறுக்கவேண்டும். எரர் வந்து தானே கண்டுபிடிக்க அவகாசம் கிடைத்தால் பதற்றம் தணியும்.

இவர் பார்த்தால் மட்டும்தான் என்றால்

அவர் பேசும் விதத்தைக் கவனியுங்கள். நியூயார்க்கில் உள்ள ரீகர்ஸ் சென்டர், நிரலாளர்கள் கூடித் தங்கள் போக்கில் கற்றுக்கொள்ளும் இடம். அங்கே சில சமூக விதிகள் உண்டு. ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால் "இதுகூடத் தெரியாதா!" என்று வியப்புக் காட்டக்கூடாது. பேச்சுக்குத் தேவையே இல்லாத நுணுக்கப் பிழையைத் திருத்தக்கூடாது. தள்ளி நின்றுகொண்டு அரைகுறையாக யோசனைகளை வீசக்கூடாது. பாகுபாடு ஒலிக்கும் பேச்சு, மறைமுகமாகக்கூட, கூடாது. இவற்றை அப்படியே உங்கள் இருவருக்குமான விதியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். யாரையும் குறிப்பிட்டுக் குறை சொல்லாமலே விஷயம் போய்ச் சேரும். பெரும்பாலானோர் திருத்திக்கொள்வார்கள், ஏனென்றால் தாங்கள் அப்படிப் பேசுவது அவர்களுக்கே தெரிந்திருக்காது. விதியை ஒத்துக்கொண்ட பிறகும் மாறாதவரிடம் கற்றுக்கொள்ள எவ்வளவு இருந்தாலும் அவர் உங்களுக்குத் துணை கிடையாது. நன்றி சொல்லி விலகுங்கள்.

அறிகுறி 8: துணை கேட்பது எங்கேயோ இடிக்கிறது

இங்கே படிப்படியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கடவுச்சொல், ஓடிபி, பணம், உங்கள் கணினியை முழுதாகத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதி, இவற்றில் எதைக் கேட்டாலும் அன்றோடு தொடர்பை நிறுத்துங்கள். சேர்ந்து படிக்க இவற்றில் ஒன்றும் தேவையில்லை. "இந்த நிரலை ஓட்டிப் பாருங்க" என்று புரியாத கோப்பை அனுப்பினால் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் ஓட்டாதீர்கள். தன் கல்லூரிப் பாடப்பணியை அல்லது வேலைத் தேர்வை எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். படிப்பைத் தாண்டிய பேச்சு தொந்தரவாகிவிட்டால் விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவரைத் தடுத்துவிட்டு, குழு நடத்துபவரிடம் தெரிவியுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று சரிபார்க்கவேண்டும். சேர்ந்து எழுதும் நிரலில் ஏபிஐ சாவி (வேறொரு சேவையை உங்கள் நிரல் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு), கடவுச்சொல் எதையும் நேரடியாக எழுதிவைத்து கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றிவிட்டால் அந்த வரியை அழிப்பது போதாது, பழைய பதிவுகளில் அது இருந்துகொண்டே இருக்கும். சாவியையே ரத்துசெய்து புதிதாக எடுக்கவேண்டும்.

அறிகுறி 9: இருவரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டோம்

துணை நன்றாக அமைந்தவர்களுக்கு வரும் அறிகுறி இது. இருவருக்கும் தெரியாது, இருவரும் ஒரே மாதிரி யோசிக்கிறீர்கள்.

முதல் படி: எரர் செய்தியின் கடைசி வரியை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் அதைச் சொந்த வார்த்தையில் சொல்லவேண்டும். பைத்தானில் பிழையின் பெயரும் காரணமும் கடைசி வரியில்தான் இருக்கும், பலர் மேலே உள்ளதைப் பார்த்தே மிரண்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: இருவர் கணினியிலும் அதே பிழை வருகிறதா? ஒன்றில் மட்டும் வந்தால் இரண்டு கணினியிலும் உள்ள பைத்தான் பதிப்பை ஒப்பிடுங்கள். பின்பற்றும் பாடமே பழையதாகவும் இருக்கலாம். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது, ஆனால் அதற்கு எழுதிய பாடங்கள் இன்னும் உலவுகின்றன. பிரின்ட் என்பதை அடைப்புக்குறி இல்லாமல் எழுதச் சொல்லும் பாடம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.

மூன்றாம் படி: பிழை வரும் மிகச் சிறிய நிரலாகக் குறையுங்கள். 200 வரியை 10 வரியாக்கும் வேலையிலேயே பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டாலும் அந்தப் பத்து வரி இருந்தால்தான் வெளியே கேட்கமுடியும். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கேள்விக்கு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

நான்காம் படி: சாட்பாட்டிடம் கேட்கலாம், ஆனால் விடையைக் கேட்காதீர்கள். எங்கே பார்க்கவேண்டும் என்று மட்டும் கேளுங்கள். முழு நிரலை வாங்கி ஒட்டிவிட்டால் பிழை போய்விடும், ஏன் போனது என்று இருவருக்குமே தெரியாது. ஒட்டியதில் எந்த வரியை மற்றவருக்கு விளக்க முடியவில்லையோ அதை அழித்துவிட்டு நீங்களே எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் அனுபவசாலியிடம் போகவேண்டும். இரண்டு அமர்வு முழுக்க ஒரே இடத்தில் நின்றால் போங்கள். நிரல் ஓடுகிறது, ஆனால் எழுதிய விதம் நல்லதா என்று சொல்ல இருவருக்கும் தெரியவில்லை என்றாலும் போங்கள். அடுத்து என்ன படிப்பது என்று மாதக்கணக்கில் முடிவாகாமல் இருந்தாலும்தான். முதலில் காசு இல்லாத வழி: எக்ஸர்சிஸம் தளத்தில் பயிற்சியைப் போட்டால் தன்னார்வலர்கள் உங்கள் நிரலைப் படித்துக் கருத்து சொல்வார்கள். திறந்த மூலத் திட்டங்களில், அதாவது யார் வேண்டுமானாலும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திட்டங்களில், புதியவர்களுக்கு என்று குறியிட்ட சின்ன வேலைகள் இருக்கும். ஒன்றை எடுத்து மாற்றத்தை அனுப்பினால் அனுபவமுள்ளவர்கள் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். பதில் வரத் தாமதமாகும், பொறுமை வேண்டும்.

அதுவும் போதவில்லை என்றால் இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து ஒரு வழிகாட்டியை வையுங்கள், செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாளே நிரலின் இணைப்பையும் மூன்று கேள்விகளையும் அனுப்பிவிடுங்கள். அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தால், "இந்த நிரலையே பார்த்துச் சொல்லுங்க, நீங்களா இருந்தா எந்த இடத்தை முதல்ல மாத்துவீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் திரையைப் பகிர, மற்றவர் குறிப்பெடுக்கட்டும். அழைப்பு முடிந்த அன்றே அவர் சொன்ன முதல் மாற்றத்தைச் சேர்ந்து உட்கார்ந்து செய்துவிடுங்கள். மாதக் கணக்கில் முன்பணம் கேட்பவராக இருந்தால் அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகு முடிவுசெய்துகொள்ளலாம்.